அடியில்லாத கல்

கிணறு வெட்டுவதென்றால் ஈசான மூலைதான். அதில் பத்மாசனிக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அவள் பிறந்த நவக்கிரியில் யாருக்கும் வந்ததில்லை. வளவின் வடகிழக்கு மூலையில் கயிறு பிடித்து வட்டம் கீறி, தேங்காய் உடைத்து, முதல் மண்ணை வீட்டுக்காரி தன் கையால் அள்ளிப் போட்டால், நாலைந்து ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்து நிற்கும். ஒருமுறைகூடப் பொய்த்தது கிடையாது. உண்மை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் எந்த மூலையில் வெட்டினாலும் தண்ணீர் வரும். ஈசானனுக்கு அங்கே வேலை மிகவும் சுலபம்.

அவளுக்குச் சிற்றம்பலத்தைப் பேசி முடித்தபோது மாப்பிள்ளை வீட்டார் சொன்ன பெருமையும் கிணறுதான். அவன் வெட்டிய கிணறு எதுவும் வற்றவில்லையாம். அது பெரிய கெட்டித்தனம் இல்லையென்றாலும் தொழிலில் அவன் கைகாரன். அலவாங்கால், அந்தக் கனத்த கடப்பாரையால், கல்லில் துளை அடித்து, வெடிமருந்து கிட்டித்து, திரி வைத்துக் கொளுத்தினால், சுவர் சிதறாமல் அடி மட்டும் உடையும். அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல் ஓட்டையும் பொந்துமாக இருக்கும். வெடிப்புகை அந்தப் பொந்துகளுக்குள் நுழைந்து எங்கேயோ போய்விடும். "எங்கட கல்லு மூச்சு விடும்" என்று சொல்லிக்கொண்டு, புகை கண்ணுக்கு மறைந்த உடனே இறங்கிவிடுவான். கல்லைக் கண்டால் அவனுக்குச் சந்தோஷம். கல்லை உடைத்தால் கீழே தண்ணீர் என்பதைத் தவிர அவன் வேறொன்றும் கண்டதில்லை.

ஊரெல்லாம் கிணறு வெட்டிக் கொடுத்தவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அரசாங்கம் தந்தது. வவுனியாவில் நெளுக்குளத்துக்கு மேற்கே, காட்டை வெட்டிப் புதிதாகத் திருத்திய கொண்டலடிக் குளத்தின் கீழ் வயலும், கொஞ்சம் மேட்டுக்காணியும், ஓடு போட்ட சின்ன வீடும். பத்மாசனி இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஒரு பெட்டியோடும் வந்து இறங்கினாள். மூத்தவள் விமலேஸ்வரிக்கு அப்போது ஐந்து வயது. இளையவள் ஜெகதீஸ்வரி இடுப்பில் இருந்தாள். வீட்டைப் பார்க்க முதல் அவள் கேட்ட கேள்வி, "கிணறு எங்க வெட்டப் போறியள்?" என்பதுதான்.

ஈசான மூலை ஒரு மேடாக இருந்தது. புல்லுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் சிற்றம்பலம் முகம் மலர்ந்தான். கல் இவ்வளவு மேலேயே இருக்கிறதென்றால் தண்ணீரும் தூரத்தில் இல்லை என்பது அவன் கணக்கு.

பக்கத்துப் பழைய கிராமத்து மஹ்றூப், புதுக் குடியேற்றக் கொலனி எல்லையோடு வயல் செய்கிறவர், வட்டம் கீறியிருப்பதைப் பார்த்துவிட்டு வேலியடியில் நின்றார்.

"அண்ணன், இந்த மேட்டில வெட்டாதீங்கோ. கீழ, வாய்க்கால் பக்கமா வெட்டினா ரெண்டு ஆள் ஆழத்தில ஊத்து வரும். நாங்க கல்லைக் கண்டா மூடிப்போட்டு வேற இடம் பாப்பம்."

வாய்க்கால் பக்கம் தென்மேற்கு மூலை. அங்கே கிணறு வெட்டினால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று பத்மாசனி சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"மஹ்றூப் நானா, கல்லுக்குப் பயந்தவன் கிணறு வெட்டுவானோ? நீங்கள் இருந்து பாருங்கோ."

மஹ்றூப் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குத் திரும்பினார். வேறு ஊர் மனிதருக்கு ஒருமுறை சொல்லலாம், இரண்டாம் முறை சொன்னால் புத்தி சொல்வதாகிவிடும்.

மேலே சிவந்த மண்ணும் கிறவலும் ஓராள் ஆழத்துக்கு வந்தன. பிறகு கையால் நொறுக்கக்கூடிய உக்கல் கல் கொஞ்சம். அதற்குப் பிறகு கருங்கல். முதல் நாள் அலவாங்கு அதில் விழுந்தபோது எழுந்த சத்தத்தைப் பத்மாசனி குசினிக்குள் இருந்தே கேட்டாள். ஊரில் சுண்ணாம்புக்கல் அடிவாங்கினால் மந்தமாக ஒரு சத்தம் போடும். இது கோயில் மணிபோலக் கணீரென்றது. சிற்றம்பலம் நாள் முழுக்க அடித்தும் விரல் நீளத் துளைகூட விழவில்லை. அலவாங்கின் நுனி மழுங்கிப்போனது. அதை வவுனியாப் பட்டினத்துக் கொல்லனிடம் கொண்டுபோய்த் தோய்த்துக்கொண்டு வந்தான். மறுபடியும் மழுங்கியது. அப்போதும் அவன் அசரவில்லை. இது கொஞ்சம் வயிரம் பாய்ந்த கல், உடைந்தால் நல்ல தண்ணீர் கிடக்கும் என்றான்.

வயல் வேலை போக மிச்ச நேரமெல்லாம் குழிதான். அவன் கீழே, அவள் மேலே கப்பியடியில். உடைந்த கல் ஒவ்வொரு கடகமாக அவள் கைவழியாகத்தான் வெளியே வந்தது. சாம்பல், கறுப்பு, இளஞ்சிவப்பு என்று கோடு கோடாகச் சேலைக் கரை மாதிரி இருந்த அந்தக் கற்களில் எது எந்த மாதம் வெட்டியது என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். குழியின் சுவரைப் பார்த்தே சொல்லுவாள்.

மாரி வந்ததும் குழி நிரம்பும். மேட்டில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கி, கல்லின் முதுகில் வழிந்து குழிக்குள் வந்து சேரும். தை பிறந்ததும் இருவருமாக அதை இறைப்பார்கள். நாள்கணக்காக வாளி வாளியாக அள்ளி, மேட்டுச் சரிவில் ஊற்றி, குழியைக் காயவிட்டுத்தான் மறுபடி அலவாங்கை எடுக்கலாம். முதல் தையில் மஹ்றூப் அந்த வழியால் போனபோது நின்று பார்த்தார்.

"ஏன் அண்ணன் இறைக்கிறீங்க? கிடக்கட்டுமே. கோடைக்கு உதவும்."

பத்மாசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மழைத்தண்ணியைக் குடிக்கிறதுக்கோ நானா கிணறு வெட்டுறது? ஊத்து வர வேணுமெல்லே."

நவக்கிரியில் தண்ணீர் என்றால் கீழேயிருந்து வருவது. மேலேயிருந்து குழிக்குள் விழுந்து கிடப்பதற்கு அங்கே பெயர் வெள்ளம். மாடுகூட வேண்டாவெறுப்பாகத்தான் குடிக்கும். மஹ்றூப் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

குடிதண்ணீருக்குக் குளம்தான் கதி. பத்மாசனி விடிய எழும்பி இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக அணைக்கட்டு வரை போய் வருவாள். அறுபத்தோராம் ஆண்டுக் கோடை பொல்லாததாக இருந்தது. ஆடி மாதம் குளம் நடுவில் சுருங்கி, எருமைகள் புரளும் சேறாகிவிட்டது. பழைய கிராமத்து ஊற்றுக் கிணறுகளும் அதோடு வறண்டன. அந்தச் சேற்றோரத்தில் கையால் குழி தோண்டி, ஊறி வந்ததை வடித்துக்கொண்டு வந்தாள். கொதிக்க வைத்தாள், துணியில் வடித்தாள், செய்யக்கூடியதெல்லாம் செய்தாள். ஜெகதி அப்போது வீடெல்லாம் ஓடித் திரிந்தாள். பானைக்குள் கைவிட்டு அள்ளிக் குடிக்கிற வயது. ஒரு நாள் வயிற்றோட்டம் கண்டது. மறுநாள் பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. மஹ்றூப் தன் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நெளுக்குளம் தாண்டுவதற்குள், பத்மாசனியின் மடியில் பிள்ளை அடங்கிப்போனாள். வண்டியைத் திருப்பச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாடுகள் கொஞ்ச நேரம் பட்டினத்தை நோக்கியே நடந்தன.

அதன் பிறகு பத்மாசனி சிரித்ததை யாரும் காணவில்லை. கணவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாப்பாடு போடும்போது மட்டும், "கிணறு இருந்திருந்தால்" என்று தொடங்குவாள். மிச்சத்தைச் சொல்ல மாட்டாள். அவன் கையைக் கழுவிவிட்டு அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அடுத்த வருஷம், தைத் தண்ணீரை இறைத்து ஊற்றிச் சில மாதம் சென்றபிறகு, ஒரு ஜீப் வந்து வாசற் படலையடியில் நின்றது. மயில்வாகனம் என்ற உத்தியோகத்தர். கல்லைப் பற்றிப் படித்தவர். வன்னியில் எங்கெங்கே என்ன கல் என்று வரைபடம் போடுவதற்காகக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். குழியைச் சுற்றிக் கிடந்த கற்குவியலைக் கண்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளை செத்த வீட்டின் வாசலில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவையும் நீர் தனியவோ உடைச்சனீர்?"

"ஓம் ஐயா. மனிசியும் நிண்டவா" என்றான் சிற்றம்பலம்.

பத்மாசனி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"ஐயா, இந்தக் கல்லு எவ்வளவு ஆழத்திலை முடியும்?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா எந்த ஊர்?"

"நவக்கிரி."

"அப்ப உங்கட ஊர்க் கிணத்துச் சுவரிலை சிப்பியும் சின்னச் சங்குகளும் ஒட்டிக்கிடக்கிறதைக் கண்டிருப்பியள்."

கண்டிருந்தாள். சிறுமியாக இருந்தபோது கிணற்றுப் படியில் குந்தி, நகத்தால் அவற்றைக் கிளப்பப் பார்த்ததுண்டு. ஒன்றும் வராது.

"அது கடலுக்கடியிலை உண்டான கல்லு. ஒரு காலம் உங்கட ஊர் முழுக்கக் கடல். சிப்பியும் பவளமும் செத்துச் செத்து விழுந்து, ஒண்டுக்கு மேலை ஒண்டு அமத்துப்பட்டுக் கல்லாய்ப் போச்சுது. பிறகு கடல் விலகீற்றுது. மழைத்தண்ணி அந்தக் கல்லைக் கரைச்சுக் கரைச்சு ஓட்டை போட்டுது. அந்த ஓட்டையளுக்குள்ளைதான் தண்ணி நிக்குது. நீங்கள் எங்கை இடிச்சாலும் வரும்."

"அப்ப இது?"

அவர் கையிலிருந்த துண்டைத் திருப்பிக் கோடுகளைக் காட்டினார். "இது அதைவிட எவ்வளவோ பழசு. மீனும் சிப்பியும் உலகத்திலை பிறக்க முந்தினது. இந்த இடத்திலை ஒரு பெரிய மலை இருந்திருக்குது, அம்மா. அந்த மலையின்ர பாரத்திலையும் பூமிச் சூட்டிலையும் அடியிலை கிடந்தது வெந்து, மடிஞ்சு, இப்பிடிக் கோடு கோடாய் வந்தது. பிறகு மழையும் காத்தும் மேலை இருந்த மலையை அரிச்சுக்கொண்டு போட்டுது. மலை போயிட்டுது. அடி மிஞ்சிக் கிடக்குது."

சிற்றம்பலம் கற்குவியலில் மெல்ல உட்கார்ந்தான்.

"இதுக்குக் கீழ என்ன ஐயா?" பத்மாசனி விடவில்லை.

"இதுதான்."

"அதுக்கும் கீழ?"

"இதுதான் அம்மா. நீங்கள் அடியைத் தேடுறியள். நிக்கிறதே அடியிலைதான். வெடிப்பு ஏதும் இருந்தால் கசியும். இதுக்குள்ளை ஒரு வெடிப்பையும் நான் காணேல்லை. தண்ணி விடாத கல்லு. வீணாய் முறியாதையுங்கோ."

ஜீப் போய்விட்டது. சிற்றம்பலம் நெடுநேரம் அந்தக் குவியலிலேயே இருந்தான். உத்தியோகத்தர் சொன்னது அவனுக்குப் புதிய செய்தி இல்லை. அவன் தோள் அதை எப்போதோ அறிந்துவிட்டது. வாயால் சொல்ல ஒருவர் வந்தது ஒருவகையில் அவனுக்கு விடுதலையாகக்கூட இருந்தது.

"நாளைக்கு வாய்க்கால் பக்கம் துடங்குவம்" என்றான், பின்னேரம் கைகால் கழுவும்போது.

"அப்ப இதை?"

"இதை விடுவம், பத்மா. அவர் சொன்னதைக் கேட்டனிதானே."

"அவர் கல்லுப் படிச்சவர். கிணறு வெட்டினவரில்லை."

"நான் வெட்டினவன்தானே. நான் சொல்லுறன், இதுக்குள்ளை தண்ணி இல்லை."

பத்மாசனி குடத்தை நிலத்தில் வைத்தாள். "இஞ்சருங்கோ, ஜெகதி போன நாளிலையிருந்து இந்தக் குழியைப் பாத்துத்தான் நான் எழும்புறன். தண்ணி வாறதுக்குள்ள பிள்ளை அவசரப்பட்டுப் போட்டுதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். தண்ணியே இல்லையெண்டால், நாங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து வெறுங் கல்லுக்கு மேலையோ வைச்சிருந்தனாங்கள்?"

அவள் மனம் அன்று என்ன கணக்குப் போட்டதென்றால், மழை ஒரு மலையையே தின்று தீர்த்ததாம், மனிதன் ஒருவன் இந்தக் கல்லைத் தின்று தீர்க்க மாட்டானா என்று. துயரம் பிடித்தவளுக்கு எந்தக் கதையும் தன் பக்கம்தான் பேசும். மறுநாள் விடிந்தபோது மேட்டில் அலவாங்குச் சத்தம் கேட்டது. தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொண்டே அவன் வெட்டினான். மனைவிக்காக வெட்டினான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கப்பியடியில் போய் நின்றாள்.

ஆழம் கூடக் கூட வெடி வைத்த பிறகு அவனுக்குத் தலையிடி வந்தது. சில நாள் சாப்பிட்டதெல்லாம் சத்தியெடுத்தான். இந்தக் கல் மூச்சு விடாது என்பதை உடம்பு சொல்லிக்கொடுத்தது. ஆகவே பின்னேரம் வெடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் இறங்கப் பழகியிருந்தான்.

அந்த ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவனுக்கு வயலில் வேலை இருக்கவில்லை. தண்ணீர் இல்லாத வயலில் என்ன வேலை? காலையிலேயே துளைகளுக்கு மருந்து கிட்டித்து வெடித்தான். விமலேஸ்வரி பள்ளிக்கூடம் போயிருந்தாள். புகை மெல்ல மெல்ல மேலே வந்து கலைந்தது. உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்குமேல் வந்து, குழியின் அடிவரை வெயில் இறங்கியது. பத்மாசனி விளிம்பில் கைவைத்து எட்டிப் பார்த்தாள்.

அடியில் ஏதோ மினுங்கியது. ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளையாக, அசைந்தசைந்து மினுங்கியது.

கிணற்றின் அடியில் மினுங்குவது தண்ணீர். நவக்கிரியில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். அந்த ஊர்க் கல் வெயில் பட்டாலும் மினுங்காது.

"இஞ்சருங்கோ" என்றாள். திரும்பவும் சொன்னாள். "இஞ்சருங்கோ, தண்ணி."

சிற்றம்பலம் ஓடி வந்து பார்த்தான். அவனும் கண்டான். உத்தியோகத்தர் சொன்ன வெடிப்பு இதுதானோ என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் தொழில்காரன் நிதானமாக நின்றான்.

"புகை போகட்டும். பின்னேரம் இறங்கிப் பாப்பம்."

"புகை எங்கை இருக்கு? அடி வரைக்கும் தெரியுது. ஒரு செம்பு அள்ளிக்கொண்டு வாங்கோ. ஒரு வாய் குடிச்சிட்டு இருக்கிறன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு வருஷத்துக்கு மேலாகக் காணாத சிரிப்பு அதில் இருந்தது. அதற்கு முன்னால் அவனுடைய தொழில் அறிவு நிற்கவில்லை. புகை கண்ணுக்கு மறைந்தால் இறங்கலாம் என்ற பழைய பழக்கம் வேறு அவனுக்குள் கிடந்தது. அவள் நீட்டிய செம்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றேணியில் காலை வைத்தான்.

அவன் அடியில் போய் நின்றதை அவள் கண்டாள். குனிந்ததைக் கண்டாள். குனிந்தவன் நிமிரவில்லை. மெல்லச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். களைத்துப்போய் இருக்கிறார் என்று நினைத்தாள். "என்ன, ஊறுதோ?" என்று கேட்டாள். அவன் தலை ஒருபக்கமாகச் சரிந்தது.

அவள் போட்ட சத்தத்துக்கு மஹ்றூப்தான் முதலில் ஓடி வந்தார். அவள் அப்போது ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டாள். அவர் தோளைப் பிடித்து மேலே இழுத்தார். அவள் அவர் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை.

"தங்கச்சி, கீழ காத்து விஷம். நீங்களும் போனா அந்தப் பிள்ளைக்கு ஆர்?"

வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் விட்டு, மேலும் கீழுமாக வீசி வீசிக் காற்றைக் கலக்கினார்கள். கொலனிச் சனம் மேட்டில் கூடிவிட்டது. மஹ்றூப் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, அவனைக் கட்டி மேலே அனுப்பியபோது வெயில் குழியை விட்டுப் போயிருந்தது. செம்பு அப்படியே வெறுமையாக இருந்தது. வலது கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரித்தார்கள். ஏடு ஏடாகக் கண்ணாடிபோலப் பிரியும் ஒரு துண்டுக் கல்.

"காக்காப்பொன்" என்றார் மஹ்றூப், யாருக்கும் சொல்லாமல் தனக்குச் சொல்வதுபோல. "இந்தப் பக்கத்துக் கல்லில இருக்கும். வெயில் பட்டா தண்ணி மாதிரித்தான்."

அது தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் சிற்றம்பலம் செத்திருக்கிறான். கையில் எடுத்துப் பார்த்திருக்கிறானே. மேலே சிரித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று அந்தக் கடைசி நேரத்தில் யோசித்திருப்பான். பத்மாசனிக்கு வாழ்நாள் முழுக்க நெஞ்சை அறுத்தது இந்த நினைப்புத்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வந்த உறவினர் ஊருக்கு வரச் சொன்னார்கள். எந்த நிலத்தில் போய் இருப்பது? காணியில் ஆள் இல்லையென்றால் அரசாங்கம் எடுத்துவிடும். அவள் விமலேஸ்வரியோடு அங்கேயே இருந்தாள். வயலை மஹ்றூப் பங்குக்குச் செய்து, நெல்லைக் கொண்டுவந்து போட்டார். ஈசான மூலைப் பக்கம் அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. குழியைச் சுற்றி முள்ளை வெட்டி அடைத்தார்கள். மாரி வந்தது, போனது. தை பிறந்தது. இறைக்க யாரும் இல்லை.

அடுத்த கோடையும் பழைய கோடையைப் போலவே வந்தது. ஆடியில் குளம் சேறானது, பழைய கிராமத்துக் கிணறுகளும் வறண்டன. பத்மாசனி மறுபடியும் சேற்றோரத்தில் குழி தோண்டி ஊறலை வடித்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் காலையில் விமலேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் நாலாம் தரமும் வெளியே போய் வந்தபோது பிள்ளையின் கண் உள்ளே போகத் தொடங்கியிருந்தது. அந்தக் கண் பத்மாசனிக்குத் தெரிந்த கண்.

வண்டி கேட்க மஹ்றூப் வீட்டுக்கு ஓடினாள். அவர் வண்டியோடு காட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி நபீஸாதான் கூட வந்தாள். வந்தவள் பானையைத் திறந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இதையா குடுக்கிறீங்க? வண்டி வரும் வரைக்கும் பிள்ளைக்கு நல்ல தண்ணி போக வேணும், தங்கச்சி. கொதிக்க வைச்சு, உப்பும் சீனியும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாப் பருக்க வேணும்."

"நல்ல தண்ணிக்கு நான் எங்கை போக?"

நபீஸா ஈசான மூலையைப் பார்த்தாள். "உங்கட குழியில கிடக்கு" என்றாள். "நாங்க ஒருத்தரும் தொடேல்லை. அண்ணன் மௌத்தான இடம், உங்கட சம்மதம் இல்லாமத் தொடக் கூடாதெண்டு அவர் சொன்னவர்."

பத்மாசனி கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். முள்ளை வெட்டி இழுத்தாள். கை கிழிந்து இரத்தம் வந்தது. விளிம்பில் நின்று குனிந்தாள்.

தண்ணீர் கிடந்தது. இருண்டு, குளிர்ந்து, கலங்காமல் கிடந்தது. மாரியில் வந்த தண்ணீரைக் கல் விடவில்லை. கீழே கொடுக்கத் தெரியாத கல்லுக்குக் கீழே வடியவிடவும் தெரியாது. அவள் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவர் முழுவதும் அவள் கைவழியாகப் போன கல். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. அது முதல் வருஷம் வெட்டியது. ஜெகதி அதற்கு அடுத்த வருஷ ஆடியில் செத்தாள். அந்த வருஷத் தையிலேயே குழியின் அடி இந்தத் தண்ணீர் மட்டத்துக்கு ஓராள் கீழே இருந்தது. அந்தத் தையில் இறைக்காமல் விட்டிருந்தால் அந்த ஆடியிலும் தண்ணீர் இருந்திருக்கும். அதற்குக் கீழே அவன் உடைத்தது எதுவும் தேவையாக இருக்கவில்லை.

அவள் வாளியை விட்டாள். ஒரு கை அள்ளி முதலில் தான் குடித்துப் பார்த்தாள். உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. பிறந்த ஊர்த் தண்ணீரைவிட நன்றாக இருந்தது.

கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை குடித்தாள். வாய் உலர்வது நின்றது. பின்னேரம் மஹ்றூப் வண்டியோடு வந்து சேர்ந்தபோது விமலேஸ்வரி பாயில் எழும்பி உட்கார்ந்திருந்தாள். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் நபீஸா ஒரு வெறுங் குடத்தோடு வந்து படலையடியில் தயங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் கொலனிப் பெண்கள் இரண்டு மூன்று பேர்.

"அள்ளட்டா, தங்கச்சி?"

"அள்ளுங்கோ" என்றாள் பத்மாசனி. வாளிக் கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். பிறகு அழாமல், ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இந்தத் தண்ணியைத்தான் நபீஸாக்கா, ஒவ்வொரு தையும் நானும் அவருமாய் இறைச்சு வெளியிலை ஊத்தினனாங்கள்."

நபீஸா வாளியைக் குழிக்குள் விட்டாள். உள்ளேயிருந்து விமலேஸ்வரி இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். பத்மாசனி செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.